இடப்பக்கத்து ஈ

தில்மான் எப்னரின் எதிர்காலம் ஒரு கண்ணாடிக் குழாயின் நுனியில், அவன் ஆள்காட்டி விரலை ஒட்டி உட்கார்ந்து, முன்னங்காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது.

அது ஒரு பழ ஈ. பெண். நூல்கோல் வம்சத்தின் கடைசி வாரிசு.

ஈக்களை வைத்து நினைவாற்றலை ஆராய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. படிப்பு ஏறாத, ஏறினாலும் தங்காத ஈ வம்சங்களுக்குக் காய்கறிப் பெயர் வைப்பார்கள். முள்ளங்கி, முட்டைக்கோஸ் என்று ஒரு சந்தையே இருக்கிறது. இதை முதலில் யார் தொடங்கினார் என்று கேட்டால் யாருக்கும் நினைவில்லை என்பார்கள். தில்மானின் முறை வந்தபோது கௌரவமான காய்கறிகள் எல்லாம் தீர்ந்து போயிருந்தன. நூல்கோல் மிச்சம் இருந்தது.

நூல்கோல் ஈக்கள் கற்றதைச் சீக்கிரமே மறந்துவிடும் என்பது ஊர் உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். தில்மான் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. சராசரியாகத்தான் மறக்கும் என்றான். சராசரி என்பவர் பிறக்கவே பிறக்காத ஒருவர். ஒவ்வொரு ஈயாகத் தனித்தனியே பார்த்தால், அந்த மறதிக் கூட்டத்துக்குள் எதையுமே மறக்காத ஈ அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறது; மற்றவர்கள் சேர்ந்து அதைச் சராசரிக்குள் புதைத்துவிடுகிறார்கள் என்பது அவன் கட்சி. நான்கு வருடமாக இந்தக் கட்சியில் அவன் ஒருவன்தான் உறுப்பினன்.

பார்க்கிற முறை எளிது. தீப்பெட்டியைவிடச் சிறிய ஓர் இருட்டுப் பெட்டி. உள்ளே ஓர் ஈ. அது வலப்பாதிக்குப் போனால் தரை சுடும், இடப்பாதிக்கு வந்தால் ஆறிவிடும். இரண்டு முறை கால் வெந்ததும் ஈ இடப்பக்கத்திலேயே குடித்தனம் நடத்தப் பழகிக்கொள்ளும். மறுநாள் சூட்டை அணைத்துவிட்டு அதே ஈயை அதே பெட்டியில் விட வேண்டும். இரண்டு பக்கமும் உலாத்தினால் மறந்துவிட்டது. சுடாத தரையிலும் வலப்பக்கம் போக மறுத்து இடப்பக்கமே நின்றால் நினைவிருக்கிறது. அதன் நடை கணினித் திரையில் ஒரு கோடாக ஓடும்.

பேராசிரியர் கிரும்பாக் அந்தக் கோடுகளை எல்லாம் பார்த்துவிட்டுப் போன வாரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாரோ ஒருவரின் ஆய்வு முடிவுக்கு வருகிறது என்று அர்த்தம்.

"நூறு பேரை நிக்க வெச்சா ஒருத்தன் சும்மாவே இடப்பக்கம் நிப்பான், ஹெர் எப்னர். அதுக்குப் பேரு ஞாபகம் இல்ல, சோம்பேறித்தனம். அதே ஈ. மறுநாள். என் கண்ணு முன்னாடி. அதைக் காட்டுங்க, உங்க நீட்டிப்புல கையெழுத்துப் போடுறேன்."

நீட்டிப்பு என்பது அவனுடைய அரைவேலையை இன்னும் ஓராண்டு இழுத்துக்கொடுக்கும் காகிதம். கையெழுத்து இல்லாவிட்டால் இந்த மாதக் கடைசியோடு வேலையும் இல்லை, ஆய்வும் இல்லை, கட்டடத்துச் சாவியும் இல்லை. பேராசிரியர் இன்று மாலை ரயிலேறி வெளிநாடு போகிறார். திரும்பி வரும்போது அடுத்த மாதம் பிறந்திருக்கும்.

சரி, கையில் வேறு ஈ இல்லையா என்று கேட்கலாம். இருந்தன, ஆயிரக்கணக்கில். அப்புறம் உண்ணி வந்தது. கண்ணுக்குத் தெரியாத உண்ணி. குப்பிக்குக் குப்பி தாவி முட்டை முட்டையாகத் தின்று, நூல்கோல் குலத்தைத் துடைத்துப் போட்டுவிட்டது. இந்த ஆபத்துக்காகவே எல்லா வம்சத்துக்கும் வேறொரு அறையில் ஒரு நகல் வைத்திருப்பார்கள். நகல் ஈக்களை அவ்வப்போது புது உணவுக் குப்பிக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. தில்மான் போய்ப் பார்த்தபோது அந்தக் குப்பியின் அடியில் உணவு காய்ந்து வெடித்து, கோடைகாலக் குளம்போலக் கிடந்தது. அதன்மேல் நகல்கள் எல்லாம் கால்களை மடக்கிப் படுத்திருந்தன. மாற்ற மறந்திருந்தான். ஆய்வுத் தலைப்பு: நினைவாற்றல்.

மிஞ்சியது இவள் ஒருத்தி. தனியாக வளர்த்த கன்னி என்பதால் வம்சம் தழைக்கவும் வழியில்லை. ஆனால் நேற்றுப் பெட்டியில் இரண்டே சூட்டில் பாடத்தைக் கற்றுக்கொண்டாள். காலையில் எட்டிப் பார்த்தபோது உயிரோடு இருந்தாள். இனி அவள் செய்ய வேண்டியதெல்லாம் பேராசிரியருக்கு முன்னால் இடப்பக்கம் நிற்பது ஒன்றுதான்.

ஈயைக் குப்பியில் போட்டுக் குலுக்கி எடுத்துப் போவதில்லை. குலுக்கினாலும் மயக்கினாலும் பாடம் கலைந்துவிடும் என்று அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு பயபக்தி. அதனால் ரப்பர் குழலின் ஒரு முனையை வாயில் கவ்விக்கொண்டு, மறுமுனையில் இருக்கும் கண்ணாடிக் குழாய்க்குள் ஈயை மெல்ல உறிஞ்சி எடுப்பார்கள். நடுவில் ஒரு வலை இருப்பதால் விழுங்கிவிடும் அபாயம் இல்லை. நுனியை விரலால் அடைத்துக்கொண்டு நடக்க வேண்டும். வாய் பேசக் கூடாது, விரல் அசையக் கூடாது.

ஈ அறை நடைவழியின் ஒரு கோடியில் இருந்தது. பெட்டி மறுகோடியில். நடுவில் வீப்காவின் டாக்டர் பட்டம்.

வீப்கா அவனோடு ஒரே அறையில் உட்காருகிறவள், வடக்குக் கடற்கரைக்காரி. அன்று காலைதான் தேர்வாளர்களுக்கு முன்னால் தன் ஆய்வை நிறுவி வென்றிருந்தாள். கூட்டாளிகள் சேர்ந்து அட்டையில் செய்த டாக்டர் தொப்பி அவள் தலையில் இருந்தது. அதன் உச்சியில் கம்பிச் சுருளில் முஷ்டி அளவுக்கு ஓர் ஈ ஆடிக்கொண்டிருந்தது. மேசைமேல் சுடச்சுட வெங்காய அப்பம். பக்கத்தில் புதுத் திராட்சை மது.

இந்தப் புதுமது இலையுதிர் காலத்தில் மட்டும் கிடைப்பது. இன்னும் புளித்து முடியாதது. பாட்டிலை இறுக மூடினால் வெடித்துவிடும் என்று மேலே சும்மா ஒரு தகரத் தாளைக் கவிழ்த்து விற்பார்கள். நாள் முழுக்க அந்த ஓட்டை வழியாக மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கும். அந்த மூச்சை மோப்பம் பிடித்து மைன் நதிச் சரிவில் இருக்கும் திராட்சைத் தோட்டத்து ஈக்கள் எல்லாம் சொந்த வீட்டுக் கல்யாணம்போல வந்து இறங்கும். ஆகவே ஈ ஆய்வுக்கூடத்துக்குள் புதுமது கொண்டுவருவது கண்டிப்பாகத் தடை என்று சுவரில் ஒட்டியிருந்தது. மேசையை அந்த அறிவிப்புக்கு நேர் கீழே போட்டிருந்தார்கள்.

தில்மான் சுவரோரமாக, குழலைக் கவ்விய வாயோடு, கருவுற்றவள் படியிறங்குவதுபோல நடந்தான். பாதி தூரம் தாண்டிவிட்டான்.

"மோயின்!"

எதிரே மலைபோல ஒரு மனிதர் நின்றார். வீப்காவின் அப்பா, ஹெர் பெட்டர்சன். நாளின் எந்த வேளைக்கும் வடக்குக் கடற்கரைப் பக்கத்தில் அந்த ஒரே வணக்கம்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. மகள் டாக்டர் ஆன சந்தோஷத்தில் முகம் அவித்த நண்டாகியிருந்தது.

"நீங்கதான் தில்மானா? வீப்கா உங்களைப் பத்திச் சொல்லிட்டே இருப்பா."

"ம்ம்," என்றான் தில்மான்.

"பாவம்னு சொல்லுவா."

"ம்ம்."

"கூச்சப்படாதீங்க தம்பி, கையைக் குடுங்க!"

அந்த நாட்டில் கை கொடுக்காமல் தப்பிக்கப் பிணமாக இருக்க வேண்டும். அதிலும் உறுதி சொல்ல முடியாது. பட்டம் வாங்கியவளின் தகப்பனார் கை நீட்டுகிறார். தில்மான் தலையை ஆட்டினான், புருவத்தை ஏற்றி இறக்கினான், கண்ணால் குழாயைக் காட்டினான். பெட்டர்சன் இதையெல்லாம் தெற்கத்திக்காரர்களின் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். காத்திருந்து பார்த்தார். பிறகு தானே அந்த வலது கையைப் பறித்து, படகை இழுத்துக் கட்டுகிறவர்போல மூன்று குலுக்குக் குலுக்கினார்.

விரல் குழாயின் நுனியை விட்டுப் போயிற்று. தில்மான் முழு மூச்சையும் கூட்டி உறிஞ்சினான். வாய்க்குள் வந்தது வெங்காய வாசனை மட்டும்.

"யாரும் அசையாதீங்க!"

குழல் வாயிலிருந்து விழுந்து தொங்கியது. சரியாக அதே நொடியில் யாரோ மணமகளை வாழ்த்துவதுபோல வீப்காவை வாழ்த்தி முடித்தார்கள். படித்தவர்கள் அங்கே கை தட்ட மாட்டார்கள், விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். இருபது பேர் ஒன்றாகத் தட்டினார்கள். மது பாட்டில்களின் வாயிலிருந்தும் கோப்பை விளிம்பிலிருந்தும் தோட்டத்து ஈக்கள் புகைபோல எழுந்தன. அவற்றோடு அவளும் கலந்தாள். எல்லாவற்றுக்கும் சிவந்த கண், பழுப்பு உடம்பு, ஒரே அளவு. எள் மூட்டையில் ஓர் எள்.

"டேய், என்னடா ஆச்சு?" என்று வீப்கா ஓடி வந்தாள். தொப்பியில் கம்பி ஈ குதித்தது.

"போய்ட்டா."

"யாரு?"

"அவதான்."

வீப்காவின் முகம் மாறியது. மேசைமேல் இருந்த அட்டை வில்லைகளை அள்ளி, குளவிக்குப் பயந்து தோட்டத்து மதுக்கடைகளில் செய்வதுபோல, ஒவ்வொரு கோப்பையாக மூடிக்கொண்டே போனாள். "யாரும் குடிக்காதீங்க. குடிச்சிட்டிருக்கிறவங்க விழுங்காதீங்க."

"இது விருந்துன்னு சொன்னாங்க," என்றார் பெட்டர்சன்.

"அப்பா, நீ பேசவே கூடாது."

தில்மான் குழலைத் திரும்ப வாயில் கவ்வினான். கோப்பை கோப்பையாக, பாட்டில் பாட்டிலாக, வெங்காய அப்பத்தின் ஓரம் ஓரமாகக் குனிந்து உறிஞ்சிக்கொண்டே போனான். தேர்வாளர் ஒருவரின் தாடியிலிருந்து ஒன்றை எடுத்தான்; அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒத்துழைத்தார். பெட்டர்சன் இதைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் அடங்கிய குரலில், "இங்க எல்லாரும் இப்படித்தான் குடிப்பாங்களா?" என்று விசாரித்தார்.

பிடித்ததையெல்லாம் பெட்டி அறைக்குக் கொண்டுபோய் உருப்பெருக்கியின் கீழே பிரித்தான். வால் கறுத்தவை ஆண்கள், போகட்டும். உடம்பு பெருத்தவை வேறு சாதி ஈ, போகட்டும். மிச்சம் ஒரு கைப்பிடிப் பெண்கள், தனித்தனிக் குப்பியில். அவர்களில் ஒருத்தி நூல்கோலாக இருக்கலாம். எவளுக்கும் நெற்றியில் எழுதியில்லை. ஈயின்மேல் புள்ளி வைப்பதும் பெயர் வைப்பதும் அந்தக் கூடத்தில் பாவம். பெயர் வைத்த ஈக்குச் சலுகை காட்டிவிடுவார்கள் என்பது கிரும்பாக்கின் சித்தாந்தம். தில்மான் யாரும் இல்லாதபோதுகூட அவளை 'அவள்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

"அரைச்சுப் பார்த்தா மரபணுவுல தெரிஞ்சிடும்," என்றாள் வீப்கா.

"அரைச்ச ஈயை எப்படிப் பெட்டியில விடுறது?"

"அப்ப எப்படிடா கண்டுபிடிப்ப?"

தில்மான் பெட்டியைப் பார்த்தான். சிரிப்பு வருவதற்கும் அழுகை வருவதற்கும் நடுவில் முகம் எங்கோ மாட்டிக்கொண்டது.

"அவளுக்கு ஞாபகம் இருக்கும் இல்ல?" என்றான். "இங்க இருக்கிற எவளுக்கும் இந்தப் பெட்டியைத் தெரியாது. அவளுக்கு மட்டும்தான் தெரியும். எவ இடப்பக்கம் போய் நிக்கிறாளோ, அவதான் அவ."

முதல் ஈயை விட்டான். சூடு அணைந்திருந்தது. திரையில் கோடு இடப்பக்கம் தொட்டது, வலப்பக்கம் தொட்டது, இடப்பக்கம், வலப்பக்கம். சந்தைக்கு வந்தவள். எடுத்துவிட்டான். இரண்டாமவளும் அப்படியே. மூன்றாவது ஈ இடப்பக்கம் போய் நின்றது. தில்மான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்தான். நின்றது. வீப்கா அவன் தோளைப் பிடித்தாள். ஈ நிதானமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறதியே உருவாக வலக்கோடிக்கு நடந்து போனது.

ஒவ்வொருத்தி உலாத்தும்போதும் இரண்டு முடிவு சாத்தியம் என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்தது. இவள் அவள் இல்லை. அல்லது இவள்தான் அவள், மறந்துவிட்டாள். ஈ தொலைந்ததா நினைவு தொலைந்ததா என்று தெரிய ஈ கிடைக்க வேண்டும். ஈ கிடைக்க நினைவு இருக்க வேண்டும். வெளியே யாரோ பாட்டுப் பாடத் தொடங்கியிருந்தார்கள்.

கதவு திறந்தது. பேராசிரியர் கிரும்பாக் மேலங்கி போட்டு, சூட்கேஸை இழுத்துக்கொண்டு நின்றார். கையில் அந்தக் காகிதம்.

"நடைவழியில என்னமோ சொன்னாங்க. நம்பல. நீங்க சொல்லுங்க."

தில்மான் சொன்னான். எதையும் மறைக்கவில்லை, தாடியைக்கூட. கிரும்பாக் முழுதும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதாவது, இடப்பக்கம் நிக்கிற ஈ எதுவோ அதுதான் உங்க ஈ. அது உங்க ஈதான்னு எப்படித் தெரியும்? இடப்பக்கம் நிக்குது. அதுக்கு ஞாபகம் இருக்குன்னு எப்படித் தெரியும்? இடப்பக்கம் நிக்குது." அவர் கண்ணாடியைத் துடைத்தார். "நாய் தன் வாலைப் பிடிச்சிட்டா, ஹெர் எப்னர், அது வேட்டை ஆகாது."

"தெரியும், புரொஃபசர்."

"தெரிஞ்சுமா?"

"வேற என்கிட்ட என்ன இருக்கு?"

கிரும்பாக் சூட்கேஸைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ரயிலுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு. மத்தவங்க எல்லாம் அலையணும். ஒருத்தி மட்டும் நிக்கணும், அசைக்க முடியாத மாதிரி நிக்கணும். அப்படி ஒண்ணு நடந்தா யோசிக்கிறேன். யோசிக்கிறேன்னுதான் சொன்னேன்."

தில்மான் ஒன்றன்பின் ஒன்றாக விட்டான். எல்லோரும் அலைந்தார்கள். கடைசிக் குப்பியில் இருந்தவள் மற்ற எல்லாரையும்விட உற்சாகமாக அலைந்தாள். அவளையும் எடுத்து மூடியபின் மேசைமேல் எடுக்க எதுவும் இல்லை. கிரும்பாக் காகிதத்தை இரண்டாக மடித்தார். கிழிக்கவில்லை, வெறுமனே மடித்தார். அதுவே போதுமானதாக இருந்தது. தில்மானுக்குத் தன் சொந்த ஊரும், அங்கே மாமாவின் குளியலறைச் சாமான் கடையில் எப்போதும் காலியாகவே இருக்கும் ஒரு நாற்காலியும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்." பெட்டர்சன் பக்கவாட்டில் நுழைந்தார், கோப்பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு. "என் கோப்பையை யாரும் மூடல. இதுல ஒண்ணு கிடக்கு."

வீப்கா பாய்ந்து வாங்கினாள். கலங்கிய மதுவின்மேல் ஒரு பழுப்புப் புள்ளி, சிறகு விரித்து மிதந்தது.

"பெண்," என்றான் தில்மான், உருப்பெருக்கிகூட இல்லாமல்.

"முன்னாடியும் ஒண்ணு இருந்திச்சு," என்றார் பெட்டர்சன், மனசாட்சி உறுத்த. "அது உள்ள போயிடிச்சுன்னு நெனைக்கிறேன்."

எல்லோரும் அவர் வயிற்றைப் பார்த்தார்கள். அவரும் பார்த்துக்கொண்டார்.

தில்மான் தூரிகை நுனியால் ஈயைத் தூக்கி மெல்லிய காகிதத்தில் கிடத்தினான். மது ஊறி இறங்கியது. ஈ அசையவில்லை. குனிந்து, தொடாமல், மூச்சின் வெதுவெதுப்பு மட்டும் படும்படி ஊதினான். பின்னங்கால் ஒன்று துடித்தது. பிறகு நடுக்கால். புரண்டு எழுந்து, ஓரடி வைத்து, சரிந்து, திரும்ப எழுந்தது.

"குடிச்சிருக்கு," என்றார் கிரும்பாக். "குடிச்சவங்க எல்லாருமே ஏதாவது ஒரு பக்கமாச் சாய்வாங்க. நான் இதைக் கணக்குல எடுக்கணுமா?"

"பாருங்க, புரொஃபசர். பார்த்தா மட்டும் போதும்."

பெட்டிக்குள் விட்டான். மூடினான்.

திரையில் புள்ளி நட்டநடுவில் நின்றது. வெகு நேரம் அங்கேயே நின்றது. பிறகு வலப்பக்கம் ஓரடி வைத்தது. தில்மான் உதட்டைக் கடித்தான். புள்ளி அங்கேயே தயங்கியது. எதையோ மிதிக்கப்போனவள் காலைத் தூக்கிப் பிடித்தாற்போல. பின்வாங்கித் திரும்பியது. தள்ளாடித் தள்ளாடி, கோடு நெளிய நெளிய, இடப்பக்கம் நடந்தது. கோடி வரைக்கும் போனது. நின்றது.

"ம்," என்றார் கிரும்பாக். அவர் வாயிலிருந்து அந்த ஓரெழுத்தைக் கேட்க ஆட்கள் வருடக்கணக்கில் காத்திருந்திருக்கிறார்கள்.

கோடு நீண்டது. இடவிளிம்பை ஒட்டி, ஒரு நெளிவும் இல்லாமல். வெளியே வாடகைக் கார் வந்துவிட்டதாக யாரோ கூப்பிட்டார்கள். கிரும்பாக் எழுந்து, "காரை நிக்கச் சொல்லிட்டு வரேன். சூட்கேஸை அவர் எடுத்துட்டுப் போகட்டும். இது இப்படியே நிக்குதான்னு பாருங்க," என்று வெளியேறினார். பெட்டர்சன் சூட்கேஸோடு பின்னால் போனார்.

"டேய் தில்!" வீப்கா அவன் முதுகில் குத்தினாள். "அவதாண்டா! வலப்பக்கம் காலை வெச்சு எடுத்தா பாரு, அது போதும்டா. புரொஃபசரே ஆடிப்போய்ட்டாங்க!"

தில்மான் சிரித்தான். நாற்காலியில் சாய்ந்தான். கோட்டைப் பார்த்தபடியே இருந்தான். அந்த மாதிரிக் கோட்டை அவன் நான்கு வருடத்தில் கண்டதில்லை. ஏன் கண்டதில்லை என்று மெதுவாக யோசனை வந்தது.

உயிருள்ள ஈ நிற்கும். ஆனால் சும்மா நிற்காது. முகம் துடைக்கும். சிறகு நீவும். அதற்கே கோடு கொஞ்சம் துடிக்கும். காலையில் குழாயின் நுனியில்கூடத் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

சிரிப்பு முகத்திலேயே காய்ந்தது. எழுந்து மூடியை நூலளவு தூக்கிப் பார்த்தான். இடக்கோடியில் அவள் மல்லாந்து கிடந்தாள். ஆறு கால்களும் மடங்கி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

மூடியைத் திரும்ப வைத்தான். வீப்காவும் பார்த்துவிட்டாள்.

நடைவழியில் காலடிச் சத்தம் நெருங்கியது.

"டேய்," என்றாள் வீப்கா, உதடு அசையாமல். "இன்னிக்கு ஒரே ஒரு தடவை வாயை மூடிட்டு இரு."

கிரும்பாக் உள்ளே வந்தார். நேராகத் திரைக்குப் போனார். கண்ணாடியை மாட்டினார், குனிந்தார், கோட்டை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை விரலால் தொடர்ந்தார். "இன்னும் அங்கேயேவா?" என்றார். நிமிர்ந்து, மடித்த காகிதத்தைப் பிரித்து மேசைமேல் நீவினார். மேலங்கிப் பைக்குள் கைவிட்டுப் பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். "ஒரு ஈயை வெச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாது. ஆனா இன்னும் ஒரு வருஷம் தேடிப் பார்க்கலாம்னு சொல்றதுக்கு இது போதும்." பேனா முனை கையெழுத்துக் கோட்டுக்கு மேலே வந்து நின்றது. "முழுப்பேரு தில்மான் மட்டுந்தானா, நடுவுல ஏதாவது இருக்கா?"

ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பேர் சொன்னால் போதும்.

தில்மான் உண்மையையே பேசுகிற சாதி இல்லை. மாமாவிடம் ஆய்வு முடியும் தறுவாயில் இருப்பதாக மூன்று வருடமாகச் சொல்லி வருகிறவன். ஆனால் அந்தக் கோடு அத்தனை நேராக இருந்தது. இனி ஒரு வருடம், அதற்கப்புறமும், ஒவ்வொரு கருத்தரங்கிலும் இந்தக் கோட்டைத்தான் காட்ட வேண்டும். கோடிக்கணக்கில் நெளிந்த கோடுகளைப் பார்த்துப் பழகிய ஈக்காரர்கள் முன்னால், செத்த ஈயின் கோட்டை. பெயர் சொல்ல வாயைத் திறந்தான்.

"செத்துப்போச்சு, புரொஃபசர்."

வீப்கா தொப்பியைக் கழற்றினாள்.

பேனா அசையவில்லை. "எப்போ?"

"தெரியல."

கிரும்பாக் மூடியைத் தானே திறந்து பார்த்தார். மூடினார். பிறகு திரைக்குத் திரும்பி, முன்னைவிட மெதுவாக, விரலை வைத்தார். "இங்க வரைக்கும் நடந்திருக்கு. இங்க வந்து நின்னிருக்கு." விரல் நேர்கோட்டின்மேல் நகர்ந்தது. "நின்னது ஞாபகம். கிடந்தது சாவு. ரெண்டும் ஒரே கோடு. ஞாபகம் எங்க முடிஞ்சு சாவு எங்க ஆரம்பிக்குதுன்னு எனக்குக் காட்டுங்க. இப்பக்கூட நான் போடுறேன்."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே காத்திருந்தார். தில்மான் திரைக்குப் பக்கத்தில் போய்க் கோட்டைப் பார்த்தான். முகம் கண்ணாடியைத் தொடும் அளவுக்குக் குனிந்து பார்த்தான். எங்காவது ஒரு துடிப்பு, ஒரு முகம் துடைத்தல், ஒரு சிறகு நீவல். கோடு வழவழவென்று ஓடியது. விரலை எங்கே வைத்தாலும் அது பொருந்தியது. அதனாலேயே எங்கும் வைக்க முடியவில்லை.

கீழே கார் ஒலி எழுப்பியது.

பேனாவின் மூடி திருகப்படும் சத்தம் கேட்டது. காகிதம் மேசைமேலேயே கிடந்தது. கிரும்பாக் கதவருகே நின்று தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். கை கொடுக்கவில்லை. அந்த ஊரில் அது அபூர்வம்.

வீப்கா பெட்டியைத் திறந்து, தூரிகையால் ஈயை எடுத்து ஒரு சிறு குப்பியில் இட்டாள். "இப்ப அரைக்கலாமேடா. நூல்கோலா, தோட்டத்துக் குடிகாரியான்னு தெரிஞ்சிடும்."

"முடிவு எப்ப வரும்?"

"ரெண்டு வாரம் ஆகும்."

"எனக்கு அப்போ சாவி இருக்காது."

"நான் சொல்றேண்டா. ஃபோன் பண்ணிச் சொல்றேன்."

"அவதான்னு வந்தா சொல்லாத," என்றான் தில்மான். சற்று யோசித்தான். "அவ இல்லைன்னு வந்தாலும் சொல்லாத."

சூட்கேஸை ஏற்றி அனுப்பிவிட்டு வந்த பெட்டர்சன் வாசலில் நின்றார். மகளின் கையில் தொப்பியையும், மேசைமேல் கையெழுத்து விழாத காகிதத்தையும், குப்பியின் அடியில் இருந்த பழுப்புப் புள்ளியையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் அவருக்கு எதையும் விளக்கவில்லை. ஆனால் அவர் வந்த ஊரில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் அதிகம். எந்த வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். சட்டையைச் சரிசெய்துகொண்டு, முன்னால் வந்து, கையை நீட்டினார்.

"என் அனுதாபம், தம்பி."

தில்மானின் வலது கையில் இப்போது எதுவும் இல்லை. கொடுத்தான்.